பதினாலு பாடமும் ஒரு பாராக்காரனும்

தம்பி, அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுங்களேன். நான் கல்லிடைக்குறிச்சி வரைக்கும் வாறேன். காலை நீட்டலைன்னா முட்டி பிடிச்சுக்கிடும். ஆங், அப்படித்தான். கம்ப்யூட்டர் பையா? பாத்ததுமே நினைச்சேன். கம்ப்யூட்டர் வேலையா பாக்கீங்க? லினக்ஸ் தெரியுமா? தெரியுமாம்லா! அப்பம் நீங்க மாட்டிக்கிட்டீங்க. சேரன்மகாதேவி தாண்டி, வீரவநல்லூர் தாண்டி, கல்லிடை போய்ச் சேர ஒரு மணி நேரம் கெடக்கு. உங்ககிட்ட எனக்கு ஒரு நியாயம் கேக்கணும்.

ஒரு மனுசன் முப்பத்திநாலு வருசம் ஒரு தப்பும் பண்ணாம வேலை பாத்ததுக்காக, ஒரு கம்ப்யூட்டர் அவனைத் தண்டிக்குமா? சிரிக்கீங்க. தண்டிச்சுது தம்பி. நாலு மாசம் தண்டிச்சுது. ஆரு மேல தப்புன்னு நான் முதல்லயே சொல்லிருதேன், என் மேல இல்ல. முழுசாக் கேட்டுட்டுப் பொறவு நீங்க சொல்லுங்க.

எம் பேரு பிரம்மநாயகம். தாலுகா ஆபீஸ்ல ரிக்கார்டு ரூம். எந்தத் தாலுகான்னு கேக்காதீங்க, இப்ப இருக்கவங்க அங்க பண்ணி வச்சிருக்க கோலத்துக்கு என்னால பதில் சொல்ல முடியாது. என் காலத்துல ஒரு கட்டு காணாமப் போனது கிடையாது. ஏன்? ஒரு பைலுன்னா ஒரே இடத்துலதான் இருக்கணும். எடுத்தா, எடுத்த இடத்துல சீட்டு வைக்கணும். நகல் வேணும்னா மனுப் போடு, ஸ்டாம்பு ஒட்டு, காத்திரு, 'நகல்'னு முத்திரை குத்தித் தாறேன். சும்மா ரெண்டு இடத்துல ஒரே பைலு கெடந்தா எது அசல்னு ஆரு சொல்லுதது? கலெக்டர் வந்து கேட்டாலும் எனக்கு ஒரே பதில்தான். ஒண்ணு, ஒரே இடம்.

இதை நல்லா மனசுல வச்சுக்கிடுங்க. கதையே இதுலதான் நிக்கி.

ரிட்டயர் ஆன பொறவு வீட்டுல நியூஸ் பேப்பரைச் சத்தமா வாசிச்சுக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டம்மா ஒருநா காதைப் பொத்திக்கிட்டு, "இந்தத் தொண்டைக்கு வெளிய எங்கயாவது ஒரு வேலை தேடிக்கிடுங்க"ன்னுட்டா. அப்பத்தான் பாளையங்கோட்டையில ஒலி நூலகம்னு ஒண்ணு இருக்கது தெரிஞ்சுது. ஓமியோபதி டாக்டர் ஒருத்தர் வீட்டு மாடியில ரெண்டு ரூமு. பார்வை இல்லாத பிள்ளைங்க சர்க்கார் பரீட்சைக்குப் படிக்கும்லா, அதுகளுக்குப் பாடத்தை வாசிச்சுப் பதிவு பண்ணி வைக்கது. பிள்ளைங்க எங்க இருந்தாலும் போன்ல, அதுக்குன்னு இருக்க வெப்சைட்டுல திறந்து கேட்டுக்கிடும். அந்த வெப்சைட்டு ஓடுதது மூலையில இருக்க ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர்ல. அதுல பிள்ளைங்க சான்றிதழ், மெடிக்கல் காயிதம் எல்லாமும் இருக்கு.

எனக்கு ஆட்சியியல் பாடம் குடுத்தாங்க. பதினாலு பாடம். கார்த்திகை முதல் வாரம் ஆரம்பிச்சேன். நான் வாசிக்கது எப்படித் தெரியுமா? ஒரு பத்தி முடிஞ்சதும், "இதை ஒரு தடவை மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க"ன்னு சொல்லிட்டு, மூணு மூச்சு விடுவேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. பொறவுதான் அடுத்த பத்தி. இது ஆரும் சொல்லித் தரல, நானே கண்டுபிடிச்சது.

மத்த வாசிப்பாளர்கள் எல்லாம் வீட்டுல கட்டில்ல உக்காந்துகிட்டு போன்ல பேசி, போன்லருந்தே வெப்சைட்டுக்கு அனுப்பி விட்டுருவாங்க. பின்னால குக்கர் விசில் கேக்கும். நான் அப்படி இல்ல. நேரா மாடிக்கு வந்து, அந்தக் கம்ப்யூட்டர் முன்னாலயே உக்காந்து பதிவு பண்ணுவேன். அதுல என் பேர்ல ஒரு பெட்டி உண்டு, போல்டர்ம்பாங்களே, அது. முதல்ல என் பெட்டியில சேமிப்பேன். முழுசாக் கேப்பேன். திருத்துவேன். எல்லாம் சரின்னதும், அதை அங்கன இருந்து எடுத்து, வெப்சைட்டு எடுத்துப் போடுத பொது அலமாரியில கொண்டு வைப்பேன். காப்பி கிடையாது, வெட்டி எடுத்து ஒட்டுதது. வச்ச பொறவு என் பெட்டி காலியா இருக்கணும். ஒண்ணு, ஒரே இடம்.

அலமாரியில வச்சதும் அங்கன இருந்தே ஒருதடவை போட்டுக் கேப்பேன். கணீர்னு பாடும். வெப்சைட்டுல பேரும் வந்துரும், 'பாடம் ஒண்ணு, வாசிப்பவர்: பிரம்மநாயகம்'னு. வேற என்ன வேணும்?

இப்ப டீச்சரைப் பத்திச் சொல்லணும். ஆவுடையம்மாள் டீச்சர். ஹைஸ்கூல்ல சயன்ஸ் எடுத்து ரிட்டயர் ஆனவங்க. கல்லிடைக்குறிச்சியிலருந்து வாரத்துல ரெண்டு நாள் பஸ் பிடிச்சு வருவாங்க. வாசிப்பாளருக்கெல்லாம் அவங்கதான் பொறுப்பு. மைக்கு, ஹெட்போனு, புத்தகம் வச்சிருக்க பீரோ சாவி அவங்க கைப்பையில. சயன்ஸ் பாடம் முழுக்க அவங்க வாசிப்பு. பத்திக்குப் பத்தி, "புரியுதாப்பா?"ன்னு கேட்டுட்டு ஒரு நொடி நிப்பாங்க. ரிக்கார்டிங்ல ஆரு பதில் சொல்லப் போறா? நான் அதை ஒருதடவை சொல்லிக் காட்டினேன். அவங்க சிரிக்கல.

மார்கழி பிறந்ததும் ஒருநா வந்து, "சார், உங்க பாடம் பிள்ளைங்களுக்குத் திறக்கலையாம். என்னன்னு பாப்போமா?"ன்னாங்க. எனக்குச் சுர்ருனு ஏறிட்டு. "டீச்சர், இங்க உக்காந்து இப்பத்தான் கேட்டேன், கணீர்னு பாடுது. பிள்ளைங்க போன்ல என்ன கோளாறோ!" "இல்ல சார், கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளை ஒண்ணு, முப்பிடாதின்னு, அவ வந்து பாக்கட்டுமா? பாஸ்வேர்டு வேணுமாம்." அந்தப் பாஸ்வேர்டு, தம்பி, அந்த மிஷினோட மொத்தக் கொத்துச் சாவி, ரிக்கார்டு பாத்த ஆளுன்னு டாக்டர் என்கிட்டதான் குடுத்து வச்சிருந்தாரு. கவர்ல போட்டு அரக்கு வச்சு வீட்டுல பீரோவுல வச்சிருந்தேன். "அது கான்ஃபிடென்ஷியல். முப்பத்திநாலு வருசம் ரிக்கார்டு பாத்தவன் வச்ச இடத்துல தப்பு இருக்கும்னு நீங்க நினைக்கீங்களா?"ன்னு கேட்டேன். டீச்சர் ஹெட்போனைக் கையில எடுத்தாங்க. பொறவு மெதுவா, "சரி சார். நீங்க வாசிச்சதை இந்தக் கம்ப்யூட்டர்ல நான் கொஞ்சம் கேட்டுக்கிடவா?"ன்னாங்க.

கேளுங்கன்னுட்டேன். நமக்கென்ன பயம்? ஆனா அவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? வாரத்துல ரெண்டு நாளும் ஹெட்போனை மாட்டிக்கிட்டு, நோட்டுல கிறுகிறுன்னு எழுதிக்கிட்டே என் பாடத்தைக் கேட்டாங்க. நான் நிறுத்துத இடத்துல எல்லாம் கோடு போட்டாங்க. குறை பிடிக்கத்தான் வேற எதுக்கு? வாத்தியார் புத்தி போகுமா! நான் கண்டுக்கிடவே இல்ல.

தைப் பொங்கலுக்கு நூலகத்துல சின்னதா ஒரு விழா. பிள்ளைங்க பத்துப் பதினஞ்சு பேர் வந்திருந்துது. அதுல ஒரு பையன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "சார், அந்த மூணு மூச்சு விடுத இடத்துலதான் சார் மனசுல நிக்கி"ன்னான். இன்னொரு பிள்ளை, "எட்டாவது பாடத்தை நாலு தடவை கேட்டேன் சார்"ன்னுது. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. உள்ளதைச் சொல்லுதேன், ரிக்கார்டு ரூம்ல முப்பத்திநாலு வருசத்துல ஒரு ஆளு வந்து, 'பிரம்மநாயகம், நீ எடுத்துக் குடுத்த கட்டு நல்லா இருந்துது'ன்னு சொன்னது கிடையாது. அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல, சந்தோசத்துல. எங்க வீட்டம்மாகிட்ட அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டுக் கெடந்தேன்.

அவளாலதான் வினையே வந்துது. மாசி மாசம் ஒருநா, "அப்படி என்னதான் வாசிச்சிருக்கீங்க, போடுங்க கேப்போம்"ன்னா. வீட்டுல வச்சுப் போன்ல அந்த வெப்சைட்டைத் திறந்து முத முதல்ல அன்னைக்குத்தான் என் பாடத்தைத் தட்டினேன். 'அனுமதி மறுக்கப்பட்டது.' ரெண்டாவது பாடத்தைத் தட்டுதேன், அதுவும் மறுக்கப்பட்டது. பதினாலையும் தட்டிட்டேன். பதினாலும் மறுக்கப்பட்டது! என் பாடத்தைக் கேக்க எனக்கே அனுமதி இல்லையாம். அவ வேற பக்கத்துல நின்னு, "இதைத்தான் பிள்ளைங்க நாலு தடவை கேட்டுச்சாக்கும்"ங்கா.

கொஞ்சம் கீழ இறக்கிப் பாக்கேன் தம்பி. அதே பதினாலு பாடம், அதே தலைப்பு. 'வாசிப்பவர்: ஆவுடையம்மாள்.' அது மட்டும் தட்டினதும் திறக்கி!

நீங்களே யோசிங்க. பொங்கலுக்குப் பிள்ளைங்க என் பாடத்தைக் கேட்டிருக்கு, மூணு மூச்சு வரைக்கும் சொல்லுது. மாசியில திறக்க மாட்டேங்குது. நடுவுல ஆரோ பூட்டிருக்காங்க. ஆரு? என் பாடத்தை நோட்டுப் போட்டுக் கேட்டது ஆரு? அதே பாடத்தைத் தன் குரல்ல போட்டுக்கிட்டது ஆரு? கணக்கு நேராத்தானே வருது?

அவங்க வாசிச்சதைக் கேட்டீங்களான்னா கேக்கீங்க? எதுக்குக் கேக்கணும்? திருட்டுச் சாமான்னு தெரிஞ்ச பொறவு அதைப் பிரிச்சு வேற பாக்கணுமா?

மாதக் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு நின்னு சொல்லிட்டேன். 'என் பாடத்தைப் பூட்டிட்டு, நகல் எடுத்துத் தன் பேர்ல போட்டிருக்காங்க'ன்னு. நகல்ங்கிற வார்த்தையை நான் சொன்ன மாதிரிக்கு மேல சுத்துன காத்தாடி கூட நின்னிருக்கும். டீச்சர் என் முகத்தையே பாத்தாங்க. பொறவு கைப்பையைத் திறந்து பீரோ சாவியை எடுத்து மேசையில வச்சாங்க. "நீங்களே பாத்துக்கிடுங்க சார்." அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கிட்டுப் படி இறங்கிட்டாங்க.

நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். ரெண்டு நாளு நினைச்சேன்.

மூணாம் நாளு முப்பிடாதி வந்தா. ஆலங்குளத்துப் பிள்ளை. இருபத்திநாலு வயசு. பிறவியிலேயே பார்வை கிடையாது, வாய்க்குப் பூட்டும் கிடையாது. தடியைத் தட்டிக்கிட்டு மாடி ஏறி வந்தவ வணக்கம் கூடச் சொல்லல. "சார், எனக்குப் பரீட்சைக்கு இன்னும் முப்பது நாளுதான் இருக்கு. போன தடவை ஒரு மார்க்குல விட்டேன், அதுக்கு முந்தி மூணு மார்க்குல விட்டேன். சயன்ஸ்ல இன்னும் அஞ்சு பாடம் பாக்கி. டீச்சர் போனை எடுக்க மாட்டேங்காங்க. உங்க சண்டையில என் பரீட்சை போகுது சார்."

"நான் வாசிக்கேன்மா மீதிப் பாடத்தை"ன்னேன்.

"நீங்க வாசிச்சா அது திறக்குமா?"

எப்படிக் கேக்கா பாத்தீங்களா? "பாஸ்வேர்டைக் குடுங்க சார், நான் பாக்கேன்"ன்னா. வீட்டுக்குப் போய் கவரை எடுத்துட்டு வந்தேன். அரக்கை உடைச்சு அவகிட்ட வாசிச்சுக் காட்டினேன்.

அவ ஒரு காதுல மட்டும் ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்தா. திரையில என்ன எழுதியிருக்கோ அதை அந்த மிஷினு குரல்ல சொல்லும். என்ன வேகம்கீங்க! கடுகு பொரியுத மாதிரிச் சடசடன்னு போகுது, எனக்கு ஒரு எழுத்து விளங்கல. அவ தலையை ஆட்டிக்கிட்டே கேக்கா. "இவ்வளவு வேகத்துலயா கேப்பே?"ன்னேன். "எல்லாப் பாடத்தையும் இப்படித்தான் சார் கேப்பேன்." என் மூணு மூச்சையுமா? கேக்கலை. கேக்கத் தைரியம் வரலை.

முதல்ல பைலுக்கு ஆரு சொந்தக்காரர், ஆரு வாசிக்கலாம்னு பாத்தா. எல்லாரும் வாசிக்கலாம்னுதான் போட்டிருக்கு. எல்லாக் கையெழுத்தும் சரியா இருக்கு, ஆனா பைலு நகரல. இது எனக்குத் தெரிஞ்ச வியாதிதான், ஆபீஸ்ல பாத்திருக்கேன். "அப்பம் உள்ள இன்னொருத்தர் உக்காந்திருக்காரும்மா"ன்னேன். "ஆமா சார், இருக்காரு"ன்னா. எஸ்.இ. லினக்ஸ்னு பேராம். உங்களுக்குத் தெரியும். கதவுல சாவி இருந்தாலும், நெத்தியில ஒட்டியிருக்க சீட்டைப் பாத்துத்தான் உள்ள விடுத பாராக்காரன்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குத ஆளு ஒருத்தருக்குப் போன் போட்டுக் கேட்டோம். "அட, அந்த சவத்தை ஆஃப் பண்ணிப் போடுங்க, எல்லாரும் அதைத்தான் பண்ணுதாங்க"ங்காரு. எனக்கு வந்துதே கோவம்! "வே, பாரா நிக்கவனை வீட்டுக்கு அனுப்பிட்டுக் கதவைத் திறந்து போடச் சொல்லுதீரா? பிள்ளைங்க சான்றிதழெல்லாம் அதுக்குள்ள இருக்குவே!"ன்னு போனை வச்சுட்டேன். முப்பிடாதி அப்பத்தான் முத முதல்ல என் பக்கம் திரும்பிச் சிரிச்சா. "சார், நீங்க முழுசா மோசமில்ல"ன்னா.

அவ ஒரு காரியம் பண்ணினா. பாராக்காரனை அஞ்சே அஞ்சு நிமிசம், தடுக்காதே, ஆனா தப்பு தெரிஞ்சா எழுதி மட்டும் வச்சுக்கோன்னு வச்சா. பெர்மிசிவ்னு அதுக்குப் பேரு. வச்சுட்டு வெப்சைட்டுல என் எட்டாவது பாடத்தைத் தட்டினா. பாடுச்சு தம்பி! என் குரலு! உடனே பாராக்காரனைப் பழையபடி முறைப்பா நிறுத்தினா. மறுபடி மறுக்கப்பட்டது. "தடுத்தது இவருதான் சார். இனி ஏன்னு அவரு நோட்டைக் கேப்போம்."

நோட்டுன்னா என்னா நோட்டு! நான் கும்பிடணும் அவனை. தேதி, நேரம், ஆரு வந்தா, எந்தப் பைலைத் தொட்டா, ஏன் தடுத்தேன், எல்லாம் வரி வரியா எழுதி வச்சிருக்கான். எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு ஆளு இருந்திருந்தா நான் நிம்மதியா ரிட்டயர் ஆகியிருப்பேன். அவ கேட்டுட்டுச் சொன்னா, "சார், வெப்சைட்டுக்குப் பொது அலமாரின்னு சீட்டு ஒட்டின பைலை மட்டும்தான் எடுக்க அனுமதி. உங்க பாடம் பதினாலுலயும் 'வீடு'ன்னு ஒட்டியிருக்கு."

"அது எவன் ஒட்டினான்?"

"நீங்கதான் சார்."

"நானா?"

"உங்க பெட்டியில பிறக்கையிலேயே அந்தச் சீட்டு ஒட்டிரும். அங்கன இருந்து காப்பி பண்ணி அலமாரியில வச்சா, புதுப் பைலு, புது இடத்துச் சீட்டு. வெட்டி எடுத்து வச்சா, பழைய சீட்டோடயே வந்து உக்காந்துக்கிடும். நீங்க இங்க உக்காந்து போட்டுக் கேக்கையில உங்களைத் தடுக்க மாட்டாரு, நீங்க வீட்டு ஆளு. வெளிய இருந்து கேட்டா விடமாட்டாரு. நீங்க ஒருதடவை, ஒரே ஒரு தடவை, காப்பி பண்ணியிருந்தாப் போதும் சார்."

இதுதான் தம்பி நான் கேக்க வந்த நியாயம். ஒழுங்கா இருந்தவனுக்குத் தண்டனை! குக்கர் விசிலோட போன்ல அனுப்பினவங்க பாடமெல்லாம் ஜம்முனு ஓடுது. முறையா ஒரே இடத்துல வச்சவன் பாடம் நாலு மாசம் மூச்சு விடலை. நான் அந்த மிஷினைப் பாத்துக் கத்தினேன். அவ அமைதியா ஒரு வரி தட்டினா. அலமாரியில இருக்கதுக்கெல்லாம் அந்தந்த இடத்துச் சீட்டைத் திருப்பி ஒட்டுன்னு ஒரு கட்டளை. ஒரே வரி. பதினாலும் திறந்துட்டு.

அப்பத்தான் எனக்கு ஒரு சந்தேகம். "ஏம்மா, அப்பம் பொங்கலுக்குப் பிள்ளைங்க என் மூணு மூச்சைப் பத்திச் சொல்லிச்சே?"

அவ மறுபடி என்னமோ தட்டினா. "வெப்சைட்டு வாசல்ல இன்னொரு நோட்டு இருக்கு சார். எந்தப் பேர்ல ஆரு வந்து தட்டினாங்கன்னு. வாசிக்கவா?"

நூறு இருநூறு பேராவது இருக்கும்னு நான் நிமிந்து உக்காந்தேன். பிள்ளைங்க ஆளுக்கு ரெண்டு தடவை தட்டியிருக்கு, கார்த்திகையில. பொறவு ஒரு பிள்ளை கூட இல்ல. ஒரே ஒரு பேரு மட்டும் தொடர்ந்து வருது. ஒவ்வொரு சனிக்கிழமையும், காலையில ஆறு மணிக்கு. முதப் பாடத்துலருந்து அதுவரைக்கும் நான் வச்சிருக்க பாடம் வரைக்கும், ஒண்ணொண்ணா. மறுக்கப்பட்டது, மறுக்கப்பட்டது, மறுக்கப்பட்டது. போன சனிக்கிழமை, கூட்டத்துக்கு மறுநாளு, அன்னைக்கும் பதினாலு தடவை. ஆவுடையம்மாள்.

"இவங்க எதுக்கும்மா தட்டுதாங்க?"ன்னேன்.

"சார், டீச்சர் வாசிச்சதை நீங்க கேட்டதே இல்லையா?"ன்னா. பதிலுக்குக் காத்திருக்கல. தட்டிட்டா. அதுவும் எனக்காக மெதுவா வச்சு.

டீச்சர் குரலு. "பாடம் ஒன்று. இந்தப் பாடத்தை வாசித்தவர் பிரம்மநாயகம் சார். அவர் பதிவு திறக்காமல் இருக்கிறது. அது திறக்கிற வரைக்கும், அவர் வாசித்த மாதிரியே நான் வாசிக்கிறேன். திறந்ததும் இதை எடுத்துவிடுவேன்." அப்புறம் பாடம். பத்தி முடியுது. "இதை ஒரு தடவை மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க." ஒண்ணு. ரெண்டு. மூணு.

எனக்கு என்ன பண்ணன்னு தெரியல தம்பி. வெக்கமா இருந்துது. பக்கத்துல இருக்க பிள்ளைக்குக் கண்ணு தெரியாதுங்கிற தைரியத்துல அழுதேன். அவ தண்ணிச் செம்பை என் பக்கம் நகத்தி வச்சா.

சரி, மன்னிப்புக் கேக்கணும். ஆனா அதை எப்படிக் கேக்கதுன்னு எனக்குத் தெரியாது. நாங்க மெமோவுக்குப் பதில் எழுதையில 'மன்னிக்க வேண்டுகிறேன்'னு எழுதுவோம், அதுக்கு ஒரு மாதிரி உண்டு. இதுக்கு மாதிரி இல்ல. போன் போட்டேன், எடுக்கல. ஒருநா இதே பஸ்ல கல்லிடை வந்தேன். தெரு முனை வரைக்கும் போயிட்டு, ஒரு காப்பியைக் குடிச்சுட்டு அடுத்த பஸ்ல திரும்பிட்டேன். மறுவாரமும் அதேதான். காப்பி கூடக் குடிக்கல.

முப்பிடாதிதான் போன் போட்டு நாளை எண்ணிச் சொல்லிக்கிட்டே இருந்தா. இருபத்தஞ்சு நாளு சார். இருபத்திரெண்டு நாளு சார். அப்பம் ஒரு முடிவுக்கு வந்தேன். சயன்ஸ் புத்தகத்தை எடுத்துக்கிட்டு மாடி ஏறி, மைக்கைப் போட்டேன். டீச்சருக்குப் பாக்கி இருந்ததுல முதப் பாடம், மின்சாரம். "இந்தப் பாடத்தை வாசிக்க வேண்டியவர் ஆவுடையம்மாள் டீச்சர். அவர் வருகிற வரைக்கும், அவர் வாசிக்கிற மாதிரியே நான் வாசிக்கிறேன்"னு ஆரம்பிச்சேன். பத்திக்குப் பத்தி, "புரியுதாப்பா?"ன்னு கேட்டேன். ஒரு நொடி நின்னேன். அந்த ஒரு நொடியில எதிர்த்தாப்ல ஒரு பிள்ளை உக்காந்திருக்க மாதிரியே இருக்கு தம்பி. டீச்சர் எதுக்கு நிக்காங்கன்னு எனக்கு அன்னைக்குத்தான் விளங்கிச்சு.

முடிச்சதும் என் பெட்டியில சேமிச்சேன். பொறவு கண்ணை மூடிக்கிட்டு, காப்பின்னு இருக்கதை முத முதலா அமுக்கினேன். அலமாரியில ஒட்டினேன். ரெண்டு இடத்துல ஒரே பைலு! அன்னைக்குப் பூரா எங்கயோ எதையோ திறந்து போட்டுட்டு வந்த மாதிரியே இருந்துது.

முப்பிடாதி கேட்டுட்டு அஞ்சு நிமிசம் சிரிச்சா. "சார், உங்க தொண்டையில 'புரியுதாப்பா' வந்தா போலீஸ்காரர் கேக்க மாதிரி இருக்கு. சர்க்கியூட்டையே தலைகீழா வாசிச்சிருக்கீங்க. இதைக் கேட்டா எனக்குப் போன தடவை வாங்கின மார்க்கும் போயிரும்." பரீட்சைக்கு இன்னும் பத்தொம்பது நாளு. எனக்கு வேற வழி தெரியல.

இன்னைக்குக் காலம்பற ஏழு மணிக்குப் போன் பண்ணினா. "சார், வாசல் நோட்டுல டீச்சர் பேரு இருக்கு. ஆறு மணிக்கு வந்து உங்க மின்சாரத்தைத் திறந்திருக்காங்க. மறுக்கப்படல. முழுசாக் கேட்டிருக்காங்க. ரெண்டு தடவை."

அவ வச்ச கையோட இன்னொரு போன். டீச்சர்! நான் எந்திரிச்சு நின்னுட்டேன், போனுக்கு. "சார், உங்க பாடத்துல பதினேழு தப்பு இருக்கு. நேர்ல வாங்க, சொல்லுதேன். வரையில பீரோ சாவியையும் கொண்டாங்க." அவ்வளவுதான், வச்சுட்டாங்க.

இந்தா, சட்டைப் பையில சாவி இருக்கு, பாருங்க. எதுக்குக் கேக்காங்க? திரும்ப வாறாங்கன்னுதானே அர்த்தம்? பாக்கி அஞ்சு பாடத்தையும் பத்து நாள்ல வாசிச்சுருவாங்க, வேகம் அப்படி. முப்பிடாதிக்குச் சொன்னேன். "பதினேழு தப்புக்கு நன்றி சார்"ங்கா.

பதினேழாம்! எனக்கு ரோசம் வந்துட்டு. புத்தகத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு என் குரலை நானே முழுசாக் கேட்டு எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். இருபத்தி மூணு வருது தம்பி. ஆறை விட்டுட்டாங்க. முப்பது வருசம் பரீட்சைப் பேப்பர் திருத்தினவங்க, அரை மார்க்குக்குப் பிள்ளைங்களைக் கதற விட்டவங்க. ரெண்டு தடவை கேட்டிருக்காங்க. அந்த ஆறு மட்டும் எப்படி அவங்க காதுல விழாமப் போச்சு? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.

என்ன, கல்லிடையா? வந்துட்டா? ஏ கண்டக்டர், ஹோல்டான், இறங்கணும்! கொஞ்சம் காலை ஒதுக்குங்க தம்பி. அந்த ஆறையும் இந்தத் தாள்ல எழுதியிருக்கேன், அவங்க விட்டாலும் நான் விடமாட்டேன், வாசல்லயே முதல்ல அதைத்தான் சொல்லப் போறேன். ரெண்டு காப்பி எடுத்திருக்கேன். அவங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.